ராத்திரியானால் கால் குடைச்சல், எழுந்து நடந்தால் நிற்கிறது: அம்மாவை எந்த டாக்டரிடம் காட்டுவது?

மேட்டுக்காற்று (கம்பம்)

எல்லோருக்கும் வணக்கம். அம்மாவுக்கு 52 வயது. கம்பத்திலிருந்து தினமும் ஜீப்பில் கம்பம்மெட்டு ஏறி வண்டன்மேடு பக்கம் ஏலத்தோட்ட வேலைக்குப் போகிறவர். வேலை செய்யும்போது ஒரு தொந்தரவும் கிடையாது. சாயங்காலம் திரும்பி வருகிற ஜீப்பில் நெருக்கி உட்காரும்போதே ஆரம்பித்துவிடும். ராத்திரி படுத்தால் இன்னும் அதிகம். வலி என்று சொல்லமாட்டார். "கெண்டைக்குள்ள குடையுது, ஆட்டாம இருக்க முடியல" என்பார். எழுந்து வாசலில் நடந்தால் நின்றுவிடும், வந்து படுத்தால் மறுபடியும். கண் அசருகிற நேரத்தில் விடிந்துவிடுகிறது, அப்புறம் ஜீப்புக்கு ஓட்டம்.

வீக்கம் இல்லை, சர்க்கரை இல்லை. உள்ளூர் கிளினிக்கில் வலி மாத்திரையும் நரம்புக்கு வைட்டமின் ஊசியும் கொடுத்தார்கள். பலன் இல்லை, ஆனால் வலி மாத்திரையை அம்மா விடவே இல்லை. ஹீமோகுளோபின் 11.4, பரவாயில்லை என்றார்கள். அம்மாச்சிக்கும் இதே தொல்லை இருந்தது, எங்களைக் காலில் ஏறி மிதிக்கச் சொல்லுவார். தேனி பக்கத்து க.விலக்கு மருத்துவக் கல்லூரிக்குப் போவதா, மலையேறிக் கோட்டயம் போவதா? எலும்பு டாக்டரா, நரம்பு டாக்டரா?

சித்தூர்ப்புழை (பாலக்காடு மாவட்டம்)

தம்பி, நீங்கள் எழுதியதைப் படித்தபோது என் கதையை வேறு யாரோ எழுதியதுபோல் இருந்தது. டாக்டர்கள் இதை ரெஸ்ட்லெஸ் லெக்ஸ் சிண்ட்ரோம் என்பார்கள், சுருக்கமாக ஆர்.எல்.எஸ். எனக்குக் கல்லூரிக் காலத்திலிருந்து இருக்கிறது.

இதைக் கண்டுபிடிக்க ஸ்கேன் கிடையாது, எக்ஸ்ரே கிடையாது. நோயாளி சொல்கிற விவரம்தான் பரிசோதனை. காலை அசைத்தே ஆகவேண்டும் என்ற உந்துதல் வருகிறதா? சும்மா உட்கார்ந்தால், படுத்தால் கூடுகிறதா? நடந்தால், நீட்டி மடக்கினால் அந்த நேரத்துக்காவது குறைகிறதா? பகலைவிட மாலையிலும் இரவிலும் அதிகமா? நாலுக்கும் ஆமாம் என்று சொல்லி, வேறு காரணமும் தென்படாவிட்டால் அதுதான். அம்மா நாலையும் சொல்லிவிட்டார்.

கெண்டைச் சதை திடீரென்று கல்லாக இறுகிப் பிடிக்குமே, அது வேறு. அது கடுமையான வலி, கையால் தொட்டாலே முடிச்சு தெரியும். இதில் அப்படி எதுவும் இருக்காது. அதனால்தான் வீட்டில் யாரும் நம்பமாட்டார்கள். உட்கார்ந்த இடத்தில் கால் ஆட்டினால் தரித்திரம் என்று எனக்கு எத்தனை அடி விழுந்திருக்கிறது!

புது நோயும் இல்லை. தாமஸ் வில்லிஸ் என்ற இங்கிலாந்து மருத்துவர் 1672லேயே எழுதி வைத்துவிட்டார். 1945ல் எக்போம் என்ற சுவீடன் நரம்பியல் மருத்துவர் முறையாக விவரித்துப் பெயர் வைத்தார். இருவர் பெயரையும் சேர்த்து வில்லிஸ் எக்போம் நோய் என்றும் சொல்வார்கள். அம்மாச்சிக்கு இருந்தது என்கிறீர்களே, அதுவும் பொருந்துகிறது. குடும்பத்தில் ஓடுகிற நோய்தான்.

எலும்பு டாக்டர் வேண்டாம். முதலில் பொது மருத்துவர் போதும், ரத்தத்தில் ஃபெரிட்டின் பார்க்கச் சொல்லுங்கள். உடம்பில் இரும்பு எவ்வளவு சேமிப்பில் இருக்கிறது என்று காட்டுகிற அளவு அது.

செங்கோட்டைப் பெரியவர்

இந்தக் காலத்தில் எல்லாவற்றுக்கும் ஒரு இங்கிலீஷ் பெயர் வைத்து மாத்திரை விற்கிறார்கள். நாள் முழுக்கச் சரிவில் நின்று வேலை செய்தால் கால் குடையாமல் என்ன செய்யும்? இது வாதம். இல்லாவிட்டால் நரம்புச் சுருட்டல். வெந்நீரில் கல் உப்பு போட்டுக் காலை வைத்துவிட்டு, விளக்கெண்ணெய் தேய்த்துப் படுக்கச் சொல்லுங்கள். நான் அதைத்தான் செய்கிறேன்.

சித்தூர்ப்புழை

ஐயா, வெந்நீரும் எண்ணெயும் அந்த நேரத்துக்கு இதமாக இருக்கும், நானும் செய்வதுண்டு. ஆனால் நரம்புச் சுருட்டல் இதற்கு நேர் எதிர். அதில் நின்றால் கனக்கும், காலை உயர்த்திப் படுத்தால் சுகம். இந்த அம்மாவுக்கு நின்றால் சுகம், படுத்தால்தான் தொல்லை. வேலைக் களைப்புதான் காரணம் என்றால், வேலைக்கே போகாத ஞாயிற்றுக்கிழமை ராத்திரி ஏன் வரவேண்டும்?

மேட்டுக்காற்று

ஆமாம், ஞாயிற்றுக்கிழமையும் வருகிறது. அப்புறம் சித்தூர் அண்ணே, நான் தம்பி இல்லை, தங்கச்சி.

பெரியாற்றுச் செவிலி (வண்டிப்பெரியாறு)

தங்கச்சி, நான் டயாலிசிஸ் பிரிவில் வேலை பார்க்கிறேன். சிறுநீரகம் செயலிழந்தவர்களுக்கு இந்தக் கால் தொல்லை நிறைய வரும். நாலு மணி நேரம் அசையாமல் மெஷினில் படுத்திருக்க வேண்டும், அதில் பாதியில் எழுந்துபோகிறேன் என்று அழுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அதனால் பெரியவர் மன்னிக்கவேண்டும், இது பெயருக்காக உண்டாக்கிய நோய் இல்லை.

முதலில் அந்த 11.4. அதைப் பரவாயில்லை என்று விடக்கூடாது. கர்ப்பமில்லாத பெண்களுக்கு 12க்குக் கீழே போனால் ரத்தசோகை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. நம் பக்கத்துப் பெண்களுக்கு எல்லாம் 10, 11 என்றே இருப்பதால் பார்க்கிறவர்களுக்கும் பழகிவிட்டது.

ஹீமோகுளோபின் சரியாக இருந்தாலும் ஃபெரிட்டின் குறைந்திருக்கலாம். ஹீமோகுளோபின் இன்றைக்கு உலையில் போட்ட அரிசி, ஃபெரிட்டின் குதிரில் மிச்சமிருக்கிற நெல். குதிர் காலியாகிக்கொண்டு வரும்போதும் உலை பொங்கிக்கொண்டுதான் இருக்கும். நரம்புகளுக்கிடையே செய்தி கடத்துகிற டோபமைன் என்ற பொருளை மூளை தயாரிக்க இரும்பு வேண்டும். ஆர்.எல்.எஸ். உள்ளவர்களுக்கு மூளையின் சில பகுதிகளில் இரும்பு குறைவாக இருப்பதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. உடம்பில் இரும்பும் டோபமைனும் பகலில் ஒரு மாதிரி, இரவில் ஒரு மாதிரி ஏறி இறங்கும். ராத்திரியில் குடைச்சல் கூடுவதற்கு அதைத்தான் முக்கியக் காரணமாகச் சொல்கிறார்கள்.

இப்போது கவனமாகக் கேளுங்கள். லேப் காகிதத்தில் ஃபெரிட்டின் 20, 30 வந்தாலும் நார்மல் என்றே அச்சாகியிருக்கும். அது பொதுவான அளவு. ஆர்.எல்.எஸ். உள்ள பெரியவர்களுக்கு ஃபெரிட்டின் மில்லிலிட்டருக்கு 75 நானோகிராமோ அதற்குக் கீழோ இருந்தால் இரும்பு மாத்திரை கொடுத்துப் பார்க்கலாம் என்பது வழிகாட்டி. மாத்திரை ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு, அல்லது நோய் கடுமையானவர்களுக்கு, 100 வரை இருந்தாலும் இரும்பை ரத்தக்குழாய் வழியாக ஏற்றுவதை யோசிப்பார்கள். நார்மல் என்ற வார்த்தையைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்துவிடாதீர்கள், எண்ணைப் பாருங்கள். ஃபெரிட்டினோடு டிரான்ஸ்ஃபெரின் சாச்சுரேஷனும் (ரத்தத்தில் இரும்பைச் சுமக்கிற புரதம் எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்ற கணக்கு) சேர்த்து எழுதச் சொல்லுங்கள். காய்ச்சலோ அழற்சியோ இருந்தால் ஃபெரிட்டின் பொய்யாக ஏறிக் காட்டும், அப்போது இரண்டாவது எண்தான் காட்டிக்கொடுக்கும். காலையில் வெறும் வயிற்றில், இரும்பு மாத்திரை எதுவும் போடாமல் போகவேண்டும்.

இரும்பு குறைவு என்று வந்தால் எங்கே போகிறது என்றும் பார்க்கவேண்டும். 52 வயது என்றால் மாதவிடாய் நிற்கும் காலத்து அதிக உதிரப்போக்கு ஒன்று. விடாமல் போடுகிற வலி மாத்திரை இன்னொன்று. அது இரைப்பையில் புண்ணாக்கிக் கண்ணுக்குத் தெரியாமல் ரத்தம் கசிய வைக்கும். காலுக்கு என்று போட்ட மாத்திரையே இரும்பைக் குறைத்துக் காலைக் கெடுத்துக்கொண்டிருக்கலாம். மூன்றாவது கொக்கிப்புழு. ஈரமண்ணில் செருப்பில்லாமல் நடந்தால் பாதம் வழியாக ஏறும், குடலில் ஒட்டிக்கொண்டு ரத்தத்தை உறிஞ்சும். ஏலத்தோட்டத்து மண் அதற்குச் சொல்லிவைத்த இடம். மலப் பரிசோதனையும் கேளுங்கள்.

கடைசியாக தேயிலை. இந்த மலையில் இருந்துகொண்டு தேயிலையைக் குறை சொன்னால் என்னை ஊரைவிட்டே அனுப்பிவிடுவார்கள். ஆனாலும் சொல்கிறேன். கஞ்சியோடும் சோற்றோடும் கட்டன் (பால் சேர்க்காத தேநீர்) குடித்தால் சாப்பாட்டிலிருக்கும் இரும்பு உடம்பில் சேராமல் போகும். காப்பியும் அப்படித்தான், அத்தோடு அதிலிருக்கும் கஃபீன் சிலருக்குக் குடைச்சலைக் கூட்டவும் செய்யும். சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்போ பின்போ குடிக்கட்டும், சாயங்காலத்துக்கு மேல் வேண்டாம்.

ரயிலடி (புனலூர்)

அக்கா, பரிசோதனை எதற்கு, நேரடியாக இரும்பு மாத்திரை வாங்கிப் போட்டால் என்ன? கடையில் கேட்டால் கொடுக்கிறார்கள்.

பெரியாற்றுச் செவிலி

கூடாது. அளவு சரியாக இருப்பவர் உடம்பில் இரும்பு சேர்ந்தால் அதை வெளியேற்ற உடம்புக்கு வழி கிடையாது, ஈரலில் போய்த் தங்கும். தலசீமியா என்ற பரம்பரை ரத்த நோய் உள்ள குடும்பங்களில் இது இன்னும் ஆபத்து. தவிர, மாத்திரையைப் போட்டுவிட்டு வந்தால் ரத்தக் கசிவு இருந்தாலும் மறைந்துபோகும்.

நகரி நெசவு (சித்தூர் மாவட்டம், ஆந்திரா)

எனக்கு இரண்டாவது பிரசவத்தில் ஏழாம் மாதத்திலிருந்து இருந்தது. தறிச் சத்தத்தைவிட அந்தக் குடைச்சல்தான் தூங்கவிடவில்லை. பிள்ளை பிறந்த அந்த வாரமே போய்விட்டது. மாமியார் கண்ணேறு கழித்ததால் போனது என்று இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

பெரியாற்றுச் செவிலி

கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதத்தில் நிறையப் பேருக்கு வரும், பெரும்பாலும் பிரசவத்தோடு போய்விடும். வயதான பிறகு திரும்பி வர வாய்ப்பு உண்டு என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

மூணாறு மூடுபனி

நான் மாத்திரை பற்றிச் சொல்ல வந்தேன், ஏனென்றால் இங்கே யாரும் அதைத் தொடவில்லை.

எனக்குப் பிரமிபெக்ஸோல் எழுதிக் கொடுத்தார்கள், 0.125 மில்லிகிராம். பார்க்கின்சன் நோய்க்குக் கொடுக்கிற மருந்துதான், இதற்குக் குறைந்த அளவில். முதல் ராத்திரியே கால் அடங்கிவிட்டது. இத்தனை வருஷம் எங்கே இருந்தாய் என்று மாத்திரை அட்டையைக் கொஞ்சாத குறை. ஒரு வருஷத்துக்கு மேல் அப்படிப் போனது. பிறகு ராத்திரி பத்துக்கு வருகிற குடைச்சல் எட்டுக்கு வந்தது, ஆறுக்கு வந்தது, கடைசியில் மத்தியானம் சாப்பிட்டு உட்கார்ந்தாலே வந்தது. காலோடு நில்லாமல் கைக்கும் ஏறியது. டாக்டர் அளவைக் கூட்டினார், சில வாரம் நன்றாக இருக்கும், மறுபடி முன்னைவிட மோசம்.

இதற்கு ஆக்மென்டேஷன் என்று பெயர். மருந்தே நோயை வளர்ப்பது. பிரமிபெக்ஸோல், ரோபினிரோல் போன்ற டோபமைன் வகை மருந்துகளில் இது நடக்கும், லெவோடோபாவில் இன்னும் சீக்கிரம். அமெரிக்கத் தூக்க மருத்துவ அகாடமி 2025ல் வெளியிட்ட வழிகாட்டியில், இந்த வகையை வழக்கமான சிகிச்சையாகக் கொடுக்கவேண்டாம் என்றே சொல்லிவிட்டார்கள். வலிப்புக்கும் நரம்பு வலிக்கும் கொடுக்கிற கபாபென்டின், பிரிகாபலின் வகைதான் இப்போது முன்னால் நிற்கிறது, இரும்பைச் சரிசெய்வது அதோடு சேர்ந்து. எங்கள் பக்கத்து மருந்துச் சீட்டுகளில் பழைய வகைதான் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது என்பது என் எண்ணம்.

இன்னொன்றும் இருக்கிறது, அதை யாரும் வாய்விட்டுச் சொல்லமாட்டார்கள். அந்த மருந்து சாப்பிட்ட காலத்தில் லாட்டரிச் சீட்டு வாங்க ஆரம்பித்தேன். கேரளத்தில் 1967லிருந்து அரசே நடத்துகிற லாட்டரி, தமிழ்நாட்டில் 2003லிருந்து தடை. எல்லை தாண்டி வந்து வாங்குகிறவர்களைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தவன் நான். கொத்துக் கொத்தாக வாங்கிக்கொண்டு வந்தேன். அதில் ஒரு தவிப்பு, வாங்கியே ஆகவேண்டும் என்று. வீட்டுக்காரிதான் புது மாத்திரைக்குப் பிறகுதானே இது என்று பிடித்தாள். சூதாட்டம், கணக்கில்லாமல் பொருள் வாங்குவது, சிலருக்குப் பாலுணர்வு கட்டுமீறுவது, இவை எல்லாம் இந்த மருந்து வகைக்குத் தெரிந்த பக்கவிளைவுகள். எழுதிக் கொடுத்தவர் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

கொச்சியில் ஒரு நரம்பியல் டாக்டர் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து கபாபென்டினுக்கு மாற்றினார். அந்தக் குறைக்கிற காலம் நரகம். கால் மட்டும் இல்லை, தூக்கமே இல்லை. இதைப் படித்துவிட்டு யாராவது இன்றைக்கே நிறுத்திவிடாதீர்கள், டாக்டர் சொல்லித்தான் இறக்கவேண்டும். லாட்டரி ஆசை போயே போய்விட்டது.

செங்கோட்டைப் பெரியவர்

பரிசு ஏதாவது விழுந்ததா?

மூணாறு மூடுபனி

நூறு ரூபாய் விழுந்தது ஐயா.

ரயிலடி

மூடுபனி அண்ணே, கபாபென்டினில் தொல்லை இல்லையா?

மூணாறு மூடுபனி

இருக்கிறது. தலை கிறுகிறுக்கும், காலையில் மந்தம், எடை ஏறியது. வயதானவர்கள் ராத்திரி எழுந்தால் விழுந்துவிடப் பார்க்கும். சிறுநீரகம் சரியாக இல்லாதவர்களுக்கு அளவைக் குறைக்கவேண்டும். ஆனால் நேரம் முன்னுக்கு நகர்கிற அந்தக் கூத்து இல்லை.

சித்தூர்ப்புழை

தங்கச்சி, அம்மா வேறு என்னென்ன மாத்திரை போடுகிறார் என்று ஒரு பட்டியல் எடுங்கள். சில மருந்துகள் இதைக் கிளப்பிவிடும். சளிக்கும் அரிப்புக்கும் கொடுக்கிற, தூக்கம் வரவைக்கும் ஃபெனிரமின், குளோர்ஃபெனிரமின் வகை. வாந்திக்குக் கொடுக்கிற மெட்டோகுளோப்ரமைட், புரோகுளோர்பெரசின். மனச்சோர்வு மாத்திரைகளில் பல. தூக்கம் வரவில்லை என்று சளி மாத்திரை போட்டுத் தூங்கப் பார்க்கிறவர்கள் நிறைய, கண் சொருகும், கால் விடாது. அதைவிடக் கொடுமை வேறில்லை.

மேட்டுக்காற்று

அண்ணே, அம்மாவுக்கு மெட்டு வளைவுகளில் குமட்டும். ஜீப் ஏறுமுன் ஒன்று, சாயங்காலம் இறங்குமுன் ஒன்று என்று வாந்தி மாத்திரை போடுகிறார். அட்டையைப் பார்த்தேன், புரோமெத்தசின் என்று இருக்கிறது. அதுவுமா?

பெரியாற்றுச் செவிலி

அதுவேதான். அது சளி மாத்திரை வகையும், கொஞ்சம் டோபமைனைத் தடுக்கிற வகையும். சாயங்காலம் போடுகிற மாத்திரை ராத்திரி முழுக்க உடம்பில் இருக்கும். டாக்டரிடம் இதை முதல் வரியாகச் சொல்லுங்கள். வெறும் வயிற்றில் ஏறாமல், முன் சீட்டில் உட்கார்ந்து தூரத்தைப் பார்த்துக்கொண்டு போனால் குமட்டல் குறையும். முன் சீட்டு யாருக்குக் கிடைக்கிறது என்று கேட்பீர்கள், தெரியும்.

சித்தூர்ப்புழை

பயணத்துக்கு என் வழி: பஸ்ஸில் நடைபாதை ஓரச் சீட்டு, கெண்டையை அழுத்தித் தேய்ப்பது, மனதை இழுத்துப் பிடிக்கிற ஏதாவது வேலை. குறுக்கெழுத்து போடும்போது எனக்குக் குடைச்சல் பாதி தெரியாது, சும்மா ஜன்னலைப் பார்த்தால் பிய்த்துவிடும். குமுளியிலிருந்து ராத்திரி பஸ் என்றால் நான் ஏறமாட்டேன், பகல் பஸ்தான்.

ரயிலடி

என் அப்பாவுக்குச் சர்க்கரை. பாதம் எரிகிறது, மரத்துப்போகிறது, நடந்தாலும் குறையவில்லை. இதுவா?

பெரியாற்றுச் செவிலி

எரிச்சல், மரமரப்பு, நடந்தாலும் அடங்காதது என்றால் சர்க்கரையால் வரும் நரம்புப் பாதிப்பாக இருக்கத்தான் வாய்ப்பு அதிகம். இரண்டும் சேர்ந்தும் வரலாம். பாதத்தில் தொடுவுணர்வு பார்க்கச் சொல்லுங்கள், செருப்பில்லாமல் விடாதீர்கள்.

மேட்டுக்காற்று

க.விலக்குக்கே போனோம். சம்பளம் போகும் என்று அம்மா ஒரு வாரம் தள்ளிப்போட்டார், பண்டிகை விடுமுறையில்தான் முடிந்தது. பொது மருத்துவப் பிரிவில் இருந்த டாக்டரம்மா பொறுமையாகக் கேட்டார். ஃபெரிட்டின் 14. லேப் காகிதத்தில், அக்கா சொன்ன மாதிரியே, நார்மல் என்று அச்சடித்திருந்தது! சிறுநீரகம் சரியாக இருக்கிறது. மலத்தில் கொக்கிப்புழு முட்டை இருந்தது, அல்பெண்டசோல் கொடுத்தார்கள். வலி மாத்திரையை நிறுத்தச் சொன்னார், வாந்தி மாத்திரையையும். இரும்பு மாத்திரை எழுதிக் கொடுத்தார். குடைச்சலுக்கென்று தனி மாத்திரை எதுவும் இப்போதைக்கு வேண்டாம், இரும்பு ஏறட்டும் பார்ப்போம் என்றார்.

வாந்தி மாத்திரையை நிறுத்திய சில நாளிலேயே ஜீப்பில் வருகிற குடைச்சல் குறைந்துவிட்டது. குமட்டல் இருக்கிறது, புளிப்பு மிட்டாயை வாயில் போட்டுக்கொண்டு வருகிறார். ராத்திரி இன்னும் நடக்கத்தான் செய்கிறார், ஆனால் முன்போல் விடிய விடிய இல்லை. இரும்பு மாத்திரையில் மலம் கறுப்பாகப் போகிறது, வயிறு இறுகுகிறது, நிறுத்திவிடட்டுமா என்று கேட்கிறார்.

பெரியாற்றுச் செவிலி

நிறுத்தவேண்டாம். இரும்பு மாத்திரைக்கு மலம் கறுப்பது இயல்பு. தார்போலப் பிசுபிசுப்பாக, துர்நாற்றத்தோடு போனால் மட்டும் உடனே காட்டுங்கள். வயிறு இறுகினால் டாக்டரம்மாவிடம் ஒருநாள் விட்டு ஒருநாள் போடலாமா என்று கேளுங்கள். தினமும் போடும்போது உடம்பே இரும்பை உள்ளே விடாமல் கதவைச் சாத்திக்கொள்ளும், ஒருநாள் இடைவெளி விட்டால் ஒவ்வொரு மாத்திரையும் நன்றாகச் சேரும் என்று ஆய்வு இருக்கிறது. எலுமிச்சைச் சாறோ நெல்லிக்காயோ கூடச் சேர்க்கட்டும். பாலும் கட்டனும் அந்த நேரத்தில் வேண்டாம்.

14 என்பது மிகக் குறைவு. 75ஐத் தாண்ட மாதங்கள் ஆகும். மூன்று மாதம் கழித்து மறுபடி எடுங்கள். ஏறவே இல்லை என்றால் ஃபெரிக் கார்பாக்ஸிமால்டோஸ் போன்ற இரும்பு மருந்தை ஆஸ்பத்திரியில் வைத்து ரத்தக்குழாய் வழியாக ஏற்றுவார்கள். தோட்டத்தில் ரப்பர் பூட்ஸ் கேட்டு வாங்கச் சொல்லுங்கள், புழு திரும்ப வந்தால் இந்த மாத்திரை எல்லாம் அதற்குத்தான் தீனி.

செங்கோட்டைப் பெரியவர்

செவிலி அம்மா, எனக்கு 71. வெந்நீர் வைக்காத நாள் தூங்குவதில்லை. இங்கே தென்காசியில் ஃபெரிட்டின் எடுப்பார்களா?

பெரியாற்றுச் செவிலி

எடுப்பார்கள் ஐயா. சிறுநீரகத்துக்கு கிரியாட்டினினும் சேர்த்து எடுங்கள். உங்கள் வயதில் ஆணுக்கு இரும்பு குறைந்திருந்தால் வயிறு, குடல் இரண்டையும் பார்க்காமல் விடக்கூடாது.

மேட்டுக்காற்று

கடைசியாக ஒன்று அக்கா. என் தம்பிக்கு ஒன்பது வயது. வகுப்பில் உட்காரமாட்டான் என்று டீச்சர் புகார், ராத்திரி தூக்கத்தில் உதைக்கிறான். வளர்ச்சி வலி என்று விட்டுவிட்டோம். அவனையும் காட்டவா?

பெரியாற்றுச் செவிலி

காட்டுங்கள். பாட்டி, அம்மா என்று வரிசை இருக்கும்போது விடக்கூடாது. குழந்தைகளுக்கு ஃபெரிட்டின் 50க்குக் கீழே இருந்தால் கவனிப்பார்கள். மாத்திரை அளவைக் குழந்தை மருத்துவர்தான் எடைக்குத் தகுந்து எழுதவேண்டும், அம்மாவுடையதைப் பாதியாக உடைத்துக் கொடுத்துவிடாதீர்கள்.